நாக்கு நீட்டினால் தனி ஆட்டம்

டீனெகாவும் அவள் அம்மா லொரெய்னும் ஆறு வருடமாக ஊரை ஏமாற்றி வந்தார்கள். இருட்டில் ஒளிந்து செய்த காரியம் இல்லை. வியாழக்கிழமைதோறும் சாயங்காலம், கில்பிரைட் ஊர் ஹாக்கி அரங்கத்தின் மாடியில், பளீரென்ற குழல்விளக்கு வெளிச்சத்தில், நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, காபியும் பட்டர் டார்ட் இனிப்பும் கைமாறிக்கொண்டிருக்க, இவர்கள் பாட்டுக்குத் திருட்டாட்டம் ஆடினார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. படாததற்கு இவர்களுடைய சாமர்த்தியம் பாதிக் காரணம், ஊராருடைய நல்ல வளர்ப்பு மீதிப் பாதி.

ஆட்டம் யூக்கர். ஹ்யூரான் ஏரிக்கரையில் பிறந்த பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்னால் யூக்கர் பழகிவிடும் என்பார்கள். டீனெகா விஷயத்தில் அது சத்தியமான உண்மை, ஏனென்றால் பதினேழு வயதாகியும் அவள் ஒரு அடிகூட நடந்ததில்லை. நாலு பேர், ஆளுக்கு ஐந்து சீட்டு, எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். துருப்பு எது என்று சொல்லிவிட்டு ஆட வேண்டும். துருப்பு ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிய தலை. கை பலமாக இருந்தால், கூட்டாளியைச் சீட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டுத் தனியாகவே ஆடலாம். அப்படி ஐந்து சுற்றையும் பிடித்தால் இரட்டிப்புப் புள்ளி. எதிரே இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் தோற்பது கஷ்டம். அதனால்தான் கூட்டாளிகள் சைகை காட்டிக்கொள்வது இந்த ஆட்டத்தில் மகா பாவம்.

அந்தப் பாவத்துக்கு நரகம் கில்பிரைட்டிலேயே இருந்தது. அதன் அதிபதி ஹார்வி ப்ரௌட்ஃபுட், ஓய்வுபெற்ற தபாலதிகாரி, வியாழக்கிழமை ஆட்டத்தின் பொறுப்பாளர். 'மேசையில் ஜாடை கூடாது' என்று தானே தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். தன் சொந்த மைத்துனன் மெர்வின் ஆட்டத்தின் நடுவில் மூன்று தடவை காதைச் சொறிந்தான் என்று அவனை இரண்டு குளிர்காலம் தள்ளி வைத்தவர். காதில் படை என்று மெர்வின் மருந்துச் சீட்டோடு வந்து நின்றும் அவர் இரங்கவில்லை.

ஆனால் டீனெகாவை ஹார்வி சந்தேகித்ததே இல்லை. எப்படிச் சந்தேகிப்பது? அவள் கைகள் அவள் பேச்சைக் கேட்காது. சும்மா இருக்கும்போதே வலது கை காற்றில் எழும்பும், கழுத்து ஒரு பக்கம் திரும்பும், கால் உதைக்கும். அவளைப் பார்க்கும் எவரும், நாகரிகம் தெரிந்த மனிதராக, சட்டென்று வேறு பக்கம் பார்த்துவிடுவார்கள். அந்த ஊரில் எல்லோருமே நாகரிகம் தெரிந்தவர்கள். அவள் உடம்பில் சொன்னபடி கேட்பவை இரண்டு, கண்ணும் நாக்கு நுனியும். இடது கண் மூடினால் ஸ்பேடு, வலது கண் கிளாவர், மேலே பார்த்தால் ஆட்டின், கீழே பார்த்தால் டயமண்ட். உதட்டைக் குவித்தால் பெரிய ஜாக்கி கையில் இருக்கிறது. நாக்கை நீட்டினால், 'அம்மா, நீ சீட்டைக் கவிழ்த்துடு, நான் தனியா ஆடறேன்.' அவள் நாக்கை நீட்டும்போதெல்லாம் ஊரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் இது ஏமாற்று வேலையே இல்லை. பதினோரு வயதில் அவளுக்கு அலுப்பாக இருந்தது. சீட்டுகளை மரச்சட்டத்தில் செருகி அவள் முன்னால் நிறுத்துவார்கள். கண்ணால் பார்த்த எழுத்தைப் பேச்சாக்கும் பலகை ஒன்று அவள் சக்கர நாற்காலியில் பொருத்தியிருக்கும். எந்தச் சீட்டு என்று அது எண்ணைச் சொல்லும், பக்கத்தில் இருப்பவர் அதை உருவிப் போடுவார். அந்தப் பலகையின் குரல் கண்டிப்பான ஒரு தலைமையாசிரியையின் குரல். அவள் ஜெயித்தால், "பாப்பாவுக்குச் சீட்டு நல்லா வருதே" என்பார்கள். தோற்றால், "பாப்பா சந்தோஷமா இருந்தா சரி" என்பார்கள். எவரும் அவளை ஒரு ஆட்டக்காரியாக நினைத்துத் திட்டவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் அம்மாவைப் பார்த்து இடது கண்ணை மூடினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லொரெய்னுக்குப் பின்கண்ணாடியில் முப்பது பிள்ளைகளின் திருட்டு முழியைப் படித்துப் படித்துப் பழக்கம். ஒரே நொடியில் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஆறு கோப்பை, கிறிஸ்துமஸ் பரிசாக நாலு பெரிய பன்றித்தொடை.

மாவட்ட மருத்துவமனை மேல் லொரெய்ன் போட்ட வழக்கு இதற்கெல்லாம் மூத்தது. லொரெய்ன் பிரசவ வலியோடு மாவட்ட மருத்துவமனையில் படுத்திருந்தபோது, குழந்தையின் இதயத்துடிப்பைக் கோடாகப் போடும் இயந்திரம் பக்கத்திலேயே காகிதத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. துடிப்பு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அது செவிலியர்கள் பணி மாறும் நேரம். போகிறவர் வருகிறவர் பார்ப்பார் என்று போனார், வருகிறவர் போனவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார். ஏதோ சரியில்லை என்று லொரெய்ன் இரண்டு முறை கூப்பிட்டாள். முதல் பிரசவம், பயம் சகஜம் என்று தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். நாற்பத்தோரு நிமிடம். குழந்தை நீலமாக வந்தது.

மருத்துவமனையின் வக்கீல்கள் வேறு கதை சொன்னார்கள். குழந்தையின் மூளை நாலாம் மாதத்திலேயே கோளாறாக உருவாகிவிட்டது, பிரசவ அறையில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். லொரெய்னின் வக்கீல் அடேலா ரொமானோ, டொரொன்டோவிலிருந்து வந்துபோகிறவள், இதை டீனெகாவுக்கு நேராகவே விளக்கினாள். கடைசி நேரத்தில் மூச்சு முட்டிய குழந்தைக்கு உடம்பு போகும், பெரும்பாலும் புத்தி தங்கும். மூளையே கோளாறாக உருவானது என்று சொல்ல வேண்டுமானால் புத்தியும் இல்லை என்று காட்டியாக வேண்டும். "ஆகமொத்தம், நீ மக்குன்னு நிரூபிக்க ஒரு டாக்டர அனுப்பப்போறாங்க" என்றாள்.

டீனெகாவுக்கு வேண்டியது ஒன்றுதான். சாட்சிக் கூண்டுக்குப் போய்த் தன் வாயால், அதாவது தலைமையாசிரியையின் வாயால், ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று பத்து வயதிலிருந்தே மனதுக்குள் எழுதி அழித்து எழுதி வைத்திருந்தாள். மக்கு என்று தீர்ப்பானால் கூண்டு கிடையாது. அவளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அவள் மட்டும் பேச முடியாது.

டாக்டர் ஸ்ட்ரான் பிப்ரவரி மாதம் ஒரு காலையில் வந்தார். பெரிய உடம்பு, சிவந்த காது, பேச்சில் இன்னும் மாட்டுப்பண்ணை வாசம் போகாதவர், பக்கத்து மாவட்டத்துக்காரர்தான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. லொரெய்னை வெளியே நிற்கச் சொன்னார். பலகையை அணைத்தார், அதில் தாயின் சொல்லிக்கொடுப்பு கலந்திருக்கும் என்பது அவர் எண்ணம். டீனெகாவின் முழங்காலைத் தட்டினார், விரலைப் பிடித்து நீட்டினார், பிறகு படங்களைக் காட்டி ஆப்பிளைத் தொடச் சொன்னார். அவள் கை ஆப்பிளை விட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைத் தொட்டது, கொஞ்சம் பலமாகவே. அவள் ஆப்பிளைக் கண்ணால் வெறித்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவரையும் நல்லபடியாகத்தான் வளர்த்திருந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஏரியிலிருந்து பனிப்புயல் எழுந்தது. நெடுஞ்சாலையைப் போலீஸ் மூடிவிட்டது. டாக்டர் தன் காரைத் தேடிப் பார்த்துவிட்டு, வெள்ளையாகத் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டு ஹார்வி, லொரெய்னின் வாசலில் பனி வாருவதற்காக வந்தவர், அவரும் மாட்டிக்கொண்டார். சூப்பு குடித்தாகிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. சமையலறை மேசையைச் சுற்றி நாலு பேர், அதில் மூவர் ஹ்யூரான் கரையில் பிறந்தவர்கள், நாலாமவர் அடுத்த மாவட்டம். எதிர்த்தரப்பு டாக்டர் வாதியின் வீட்டில் உட்கார்ந்து சீட்டாடுவது எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஒப்புக்கொள்ளப்படாத காரியம். ஆனால் சாலை மூடியிருக்கிறது, மேசையில் நாலு பேர் இருக்கிறார்கள், இழுப்பறையில் சீட்டுக்கட்டு இருக்கிறது. டாக்டரே தயங்கித் தயங்கி, "யூக்கர் வருமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

டீனெகாவும் லொரெய்னும் ஒரு கூட்டு, ஹார்வியும் டாக்டரும் ஒரு கூட்டு. டீனெகாவின் பலகை எண்ணைச் சொல்ல, ஹார்வி மரச்சட்டத்திலிருந்து சீட்டை உருவிப் போட்டார். நாலு ஆட்டம் ஆடினார்கள். நாலிலும் டாக்டர் மண்ணைக் கவ்வினார். மூன்றாவது ஆட்டத்தில் டீனெகா நாக்கை நீட்டினாள். டாக்டர் மரியாதையாக அடுப்பைப் பார்த்தார். அவள் தனியாக ஆடி ஐந்தையும் பிடித்தாள். பட்டர் டார்ட்டை மென்றபடி டாக்டர் லொரெய்னைப் பாராட்டினார். "பாப்பாவுக்குச் சீட்டும் அம்சமா விழுது" என்றார். பனி வண்டி வந்து வழி வெட்டியதும் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. மூன்று வயதுக் குழந்தையின் அறிவுக்கு மேல் இருப்பதாக எந்தத் தடயமும் இல்லை. பலகையில் வரும் வாக்கியங்கள் தாயின் தூண்டுதல். சாட்சி சொல்லும் தகுதி இல்லை.

அடேலா ரொமானோ அறிக்கையோடு வந்தபோது டீனெகா சீட்டாட்டத்தைப் பற்றி எழுதிக் காட்டினாள். வக்கீலுக்குச் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை. பிறகு உட்கார்ந்தாள். எதிர்த்தரப்பு அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றாள். ஐந்து சீட்டில் ஏதோ ஒன்றைப் போட மூன்று வயதுக் குழந்தையால்கூட முடியுமே. அவள் போன பிறகு சமையலறையில் தாயும் மகளும் மட்டும். இருவருக்கும் ஒரே நினைப்பு. அதிர்ஷ்டம் இல்லை என்று காட்ட ஒரே வழிதான் உண்டு.

பலகை பேசியது. "சொல்லிடலாம்மா."

"முடியவே முடியாதுடி" என்றாள் லொரெய்ன். "கோர்ட்டுல, சத்தியம் பண்ணிட்டு, ஹார்வி முன்னாடியா? பஸ்ஸ ஏரிக்குள்ள விடச் சொல்லு, விடறேன். மெர்வின் காதச் சொறிஞ்சதுக்கே ரெண்டு வருஷம். நமக்கு இந்த ஊர்ல பால் ஊத்தக்கூட ஆள் வராது."

டீனெகாவுக்கு ஒரு வாக்கியம் எழுத இரண்டு நிமிடம் ஆகும். சண்டையில் அது பெரிய வசதி, எதிராளிக்குக் கோபம் ஆறிப் பயம் வந்துவிடும். "கப்பு முக்கியமா, நான் முக்கியமா?" என்றது தலைமையாசிரியை.

"ரெண்டும்" என்றாள் லொரெய்ன், பிறகு தானே சிரித்துவிட்டாள்.

"அவரு சொல்றது என்னன்னா, நீ சொல்லித்தந்து நான் பேசறேனாம். ஆனா சீட்டுல நான்தான உனக்குச் சொல்றேன்? உனக்கு என் கை தெரியாதே."

லொரெய்ன் சிரிப்பை நிறுத்தினாள். பதினேழு வருடமாக அவளை ஒரே ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை கூப்பிட்டேனே, மூன்றாவது முறை ஏன் கூப்பிடவில்லை, ஏன் கத்தி ஊரைக் கூட்டவில்லை என்பதுதான் அது. அன்றைக்கு மரியாதை பார்த்தவள் இன்றைக்கும் மரியாதை பார்க்கப் போகிறாளா? மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஆறு கோப்பைகளையும் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். தின்றுவிட்ட பன்றித்தொடைகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

விசாரணை மே மாதம். ஜூரி இல்லை, ஒரே நீதிபதி, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள், பெயர் மெக்காஸ்கில். டீனெகா சாட்சி சொல்லலாமா கூடாதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதற்கு இரண்டு கேள்வி. அவள் சொல்வது அவளுடைய சொந்தப் பேச்சுதானா? உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியுமா? கில்பிரைட்டிலிருந்து பாதி ஊர் வந்து பின் வரிசைகளை நிறைத்திருந்தது. முன்னால் ஹார்வி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு.

டாக்டர் ஸ்ட்ரான் முதலில் ஏறினார். அறிக்கையில் உள்ளதையே சொன்னார். அடேலா எழுந்து, சோதனை நடந்த அன்று வேறு ஏதாவது நடந்ததா என்று சாதுவாகக் கேட்டாள். டாக்டரின் காது இன்னும் சிவந்தது. பனிப்புயலைச் சொன்னார், சூப்பைச் சொன்னார், வேறு வழியில்லாமல் சீட்டையும் சொன்னார். மருத்துவமனை வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நாலு ஆட்டம் தோற்றதைச் சொல்லும்போது டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. ஆனால் சமாளித்துக்கொண்டார். "யூக்கர்ல சீட்டு வந்தா யாரும் ஜெயிப்பாங்க. அது அதிர்ஷ்டம்" என்றார்.

அடுத்து லொரெய்ன். பைபிள் மேல் கை வைத்தாள். ஹார்வியைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். இடது கண், வலது கண், உதடு, நாக்கு, ஆறு வருடம், ஆறு கோப்பை. பின் வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மெர்வின் மட்டும் வெளிப்படையாகக் காதைச் சொறிந்தான். ஹார்வி அசையவில்லை. அவருடைய கழுத்து மட்டும் பட்டிக்கு மேலே ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது.

தாய் ஜோடித்த கதை என்று மருத்துவமனை வக்கீல் எழுந்தார். அப்படியானால் இங்கேயே பார்த்துவிடலாமே என்றாள் அடேலா. நீதிபதி கொஞ்சம் யோசித்தார். அவரும் அந்தக் கரைக்காரர்தான் என்பது, குமாஸ்தாவிடம் சீட்டுக்கட்டை வாங்கி நைந்த சீட்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததில் தெரிந்தது. லொரெய்னை அறையின் கடைக்கோடிக் கதவருகே நிறுத்தினார்கள். பலகையை அணைத்தார்கள். குமாஸ்தா ஐந்து சீட்டை மரச்சட்டத்தில் செருகி, டீனெகாவுக்கும் நீதிபதிக்கும் மட்டும் தெரியும்படி திருப்பி வைத்தார்.

டீனெகாவின் வலது கை எழும்பி விழுந்தது. பழக்கதோஷத்தில் பாதி நீதிமன்றம் ஜன்னல் பக்கம் திரும்பியது. நீதிபதி பேனாவால் மேசையைத் தட்டினார். "எல்லாரும் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாருங்க" என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தது அவளுக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. மேலே பார்த்தாள், உதட்டைக் குவித்தாள்.

"ஆட்டின். பெரிய ஜாக்கி இருக்கு" என்றாள் லொரெய்ன், அந்தக் கோடியிலிருந்து.

குமாஸ்தா சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ராணி, ஆட்டின் பத்து. இரண்டாவது முறை சீட்டு மாற்றினார்கள். இடது கண் மூடியது. ஸ்பேடு, ஜாக்கி இல்லை என்றாள் லொரெய்ன். அதுவும் சரி. அப்போது டாக்டர் ஸ்ட்ரான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து, "அடப்பாவிங்களா, நாலு ஆட்டமும் இப்படித்தானா?" என்றார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். மருத்துவமனை வக்கீல் இந்த முறை கண்ணைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது முறை. டீனெகா தன் சீட்டைப் பார்த்தாள். ஒன்பது, ஒன்பது, பத்து, பத்து, ஒரு அழுமூஞ்சி டயமண்ட் ராணி. உலகத்திலேயே உருப்படாத கை. அவள் அம்மாவைப் பார்த்தாள். வலது கண்ணை மூடினாள், உதட்டைக் குவித்தாள், கூடவே ரொம்பத் தாராளமாக நாக்கையும் நீட்டினாள்.

லொரெய்னின் முகம் மலர்ந்தது. "கிளாவர். பெரிய ஜாக்கி இருக்கு. தனியாவே ஆடற அளவுக்குக் கை" என்றாள், கோப்பை வாங்கப் போகிறவள் மாதிரி.

குமாஸ்தா சீட்டைத் திருப்பினார். அதில் ஜாக்கியே இல்லை. மருத்துவமனை வக்கீல் கண்ணைத் திறந்தார், எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஆக, முதல் இரண்டும் குருட்டாம்போக்கில் விழுந்தது என்று தெரிந்துவிட்டதே என்றார். அடேலாவுக்கு முகத்தில் ரத்தமில்லை. லொரெய்ன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினேழு வருடம், ஆறு கோப்பை, மானம், எல்லாம் ஒரு ஒன்பதில் போய்விட்டது.

டீனெகாவின் தோள்கள் குலுங்கின. வலிப்பு என்று நினைத்துக் குமாஸ்தா பதறினார். நீதிபதி மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "அது சிரிப்பு" என்றார். "அந்தப் பலகையப் போடுங்க."

பலகை உயிர் பெற்றது. டீனெகா எழுத்தெழுத்தாகப் பார்த்தாள்.

"அது பொய்" என்றது தலைமையாசிரியையின் குரல். "வேணும்னே சொன்னேன். எங்கம்மாவுக்குத் தெரியாது. பொய்னா என்னன்னு எனக்குத் தெரியுமான்னு கேட்டீங்க. தெரியும். ரொம்ப நல்லாவே தெரியும்."

நீதிபதி நாற்காலியில் சாய்ந்தார். கையை வாய்மேல் வைத்துக்கொண்டு சில நொடி கூரையைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தபோது முகம் சரியாகிவிட்டிருந்தது. தாய்க்குத் தெரியாத ஒன்றைத் தாய்க்கே சொல்லி ஏமாற்றியவள் தாயின் தூண்டுதலால் பேசுகிறாள் என்று இந்த நீதிமன்றம் நம்ப முடியாது என்றார். இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கூண்டுல ஏறினப்புறம் அந்த வித்தையெல்லாம் கூடாது. உண்மை மட்டும்தான்."

"சரிங்கம்மா" என்றது பலகை.

சாய்தளம் வழியாக நாற்காலியை மேலே ஏற்றினார்கள். லொரெய்ன் வழக்கம்போல எச்சில் துடைக்கத் துணியோடு கூடவே வந்து பக்கத்தில் நின்றாள். டீனெகா அவளைப் பார்த்து நாக்கை நீட்டினாள். இந்தத் தடவை பொய் இல்லை. லொரெய்னுக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியை மகளின் மடியில் வைத்துவிட்டு, கையில் இருக்கும் சீட்டைக் கவிழ்த்து வைப்பவள்போல இரண்டு உள்ளங்கையையும் கீழே திருப்பிக் காட்டிவிட்டு, கீழே போய் உட்கார்ந்தாள்.

அடேலா ஒரே கேள்வி கேட்டாள். கோர்ட்டுக்கு நீ என்ன சொல்ல விரும்புகிறாய்?

பத்து வயதிலிருந்து எழுதி வைத்தது பெரியது. மருத்துவமனையைத் திட்டுவதற்கென்றே மூன்று பக்கம் இருந்தது. கண்ணைப் பலகையில் பதித்த நேரத்தில் அதெல்லாம் நீளம் என்று பட்டது. ஐந்து நிமிடம் எழுதினாள். பிறகு அந்தக் கண்டிப்பான குரல் பேசியது.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஜாடை காட்டினேன். நாப்பத்தோரு நிமிஷம். எல்லாம் அந்தக் காகிதத்துல விழுந்துச்சு. எங்கம்மா கூடக் கூப்பிட்டாங்க. யாரும் பாக்கல. அவ்வளவுதான்."

டாக்டர் ஸ்ட்ரான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவமனை வக்கீல் கேள்வி ஒன்றும் இல்லை என்றார்.

தீர்ப்பு செப்டம்பரில் வந்தது, அவர்கள் பக்கம். ஆனால் டீனெகாவுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை சாட்சி சொன்ன அந்த வாரமே வந்துவிட்டது. வியாழக்கிழமை ஆட்டத்துக்குப் போக மாட்டேன் என்று லொரெய்ன் பேருந்துச் சாவியைக்கூட ஒளித்து வைத்தாள். போயே தீர வேண்டும் என்று பலகை ஒரு மணி நேரம் நச்சரித்தது. போனார்கள். அட்டைப்பெட்டியில் ஆறு கோப்பை, கடையில் வாங்கிய புதுப் பன்றித்தொடை நாலு. லொரெய்ன் பெட்டியை ஹார்வியின் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு குளிர்காலமா, நாலா, சொல்லுங்கள் என்றாள்.

ஹார்வி பெட்டியைப் பார்க்கவில்லை. "ஆறு வருஷம்" என்றார். "ஆறு வருஷம் உன் பக்கத்துலயே உக்காந்து, அந்தச் சட்டத்துலேர்ந்து நானே சீட்ட உருவிப் போட்டேன். ஒரு தடவ திரும்பி உம் மூஞ்சியப் பாத்திருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்." நாற்காலியை இழுத்து டீனெகாவுக்கு நேரெதிரே, கூட்டாளியின் இடத்தில், போட்டு உட்கார்ந்தார். "திருட்டுக் கழுத. சீட்டப் போடு, மெர்வின்."

திருட்டுக் கழுதை என்று ஒருவர் தன்னைத் திட்டக் கேட்டு இத்தனை சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் டீனெகா நம்பியிருக்க மாட்டாள். ஆட்டம் முழுக்க ஹார்வி அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அதில் தன் சீட்டைப் பார்க்க மறந்து துருப்பைக் கோட்டை விட்டார். அவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள், நன்றாகவே தோற்றுக்கொண்டிருந்தார்கள். நடுவில் டீனெகா நாக்கை நீட்டினாள். மாடியில் ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஹார்வி சீட்டைக் கவிழ்க்கப் போனவர் நிறுத்தினார். "இது தனி ஆட்டமா? இங்க ஜாடை கூடாது, தெரியுமில்ல?"

பலகை பேச இரண்டு நிமிடம் ஆனது. நாற்பது பேரும் காத்திருந்தார்கள்.

"ஜாடை இல்ல" என்றது தலைமையாசிரியை. "நீங்க ஆடற லட்சணத்துக்கு, அது வெறும் நாக்கு."